ஐந்தாம் கட்டம்

செல்மா நான்கு கட்டங்களை நிரப்பினாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர். ஐந்தாவதற்கு வந்ததும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு விரல்களை முகர்ந்து பார்த்தாள். காலையில் மூன்று முறை சோப்புப் போட்டிருந்தாள். மீன்புகை போகவில்லை. மீன் டப்பா ஆலையின் புகைக்கூடத்தில் இருபத்தாறு வருட வேலை. இனி போகவும் போகாது.

கோல்கா கிராம சபையின் கீழ் அறையில் மேசை போட்டிருந்தார்கள். பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் புதியதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நாடு முழுக்க மாற்றுகிறார்கள். இந்த ஊருக்கு மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள், செவ்வாய் முதல் வியாழன் வரை. மாவட்டத் தலைநகர் டால்ஸியிலிருந்து வந்திருந்த எழுத்தர் ரஸ்மாவுக்கு முப்பது வயதிருக்கும். நல்ல ஜலதோஷம். காலையில் கதவைத் திறந்ததுமே வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்: நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு இதுதான் கடைசி, இனிப் புதுப்பிக்க வேண்டியதில்லை, சாகும்வரை செல்லும்.

சாகும்வரை என்ற சொல் செல்மாவின் காதிலேயே நின்றது. அவளுக்கு ஐம்பத்து மூன்று.

"என்னடி, உன் பேரே மறந்துபோச்சா?" பின்னால் நின்ற ஹில்டா கேட்டாள். ஆலையில் பக்கத்து அடுப்புக்காரி. "எழுதித் தொலை. சனம் நிக்குது."

"பேரு மறக்கல."

ஐந்தாம் கட்டத்தின் தலைப்பு 'இனம்'. செல்மா பேனாவை எடுத்து அழுத்தி எழுதினாள். லீவ்லி. கடைசி எழுத்தில் நிப்பு தாளைக் கொஞ்சம் கிழித்தது.

ரஸ்மா தாளை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"லீவ்லியா?"

"ஆமா."

"காலையிலேர்ந்து இப்படி எழுதினது நீங்க ஒருத்தர்தான்."

"மத்தவங்க என்ன எழுதினாங்கன்னு நான் எட்டிப் பாக்கல, தோழர்."

ரஸ்மா தட்டச்சு செய்த இனப் பட்டியல் ஒன்றை எடுத்து விரலை ஓட்டினாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் விரல் நின்றது. "அட, இருக்கு" என்றாள், தனக்குத்தானே. பிறகு செல்மாவின் பிறப்புச் சான்றைப் பிரித்தாள். "ஆனா இதுல அப்பா லாத்வியர், அம்மா லாத்வியர். நீங்க மட்டும் எப்படி லீவ்லி ஆனீங்க?"

"வலையில வந்து விழுந்தா" என்றாள் ஹில்டா. வரிசை சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு ஹில்டாவே குரலை மாற்றிக்கொண்டாள். "போன மாசம் வென்ட்ஸ்பில்ஸ் மண்டபத்துல இவ பாடினா. வாசல்ல இத்தாம் பெரிய போஸ்டர். லீவ்லி பாட்டுக் குழுன்னு போட்டிருந்தது. ஒட்டினது நம்ம கலாசாரத் துறைதான். அப்ப ஒருத்தரும் சான்று கேக்கலையே?"

"பாட்டு வேற, பாஸ்போர்ட் வேற" என்றாள் ரஸ்மா.

அதுதான் செல்மாவைத் தின்றுகொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் அந்தச் சொல்லைச் சொன்னதும் முந்நூறு பேர் கைதட்டினார்கள். அவள் முன்வரிசையில் குழுவின் உடையில், கழுத்தடியில் வெள்ளிப் பதக்கம் குத்திக்கொண்டு நின்றாள். மேடைக்குப் பின்னால் கிடந்த அவளுடைய கைப்பையில், பாஸ்போர்ட்டில், வேறு சொல் இருந்தது. பாடி முடித்து உடையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தபோது, பேரையும் கூடவே மடித்து வைப்பதுபோல் இருந்தது.

ரஸ்மா குரலைத் தாழ்த்தினாள். "கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன்."

"அவர் வந்து, எங்க அப்பா அம்மா லீவ்லின்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். உங்க தாளோட சேத்து டால்ஸிக்கு அனுப்புறேன். என்ன சொல்றாங்களோ சொல்லட்டும். வியாழக்கிழமை மூணு மணிக்கு நான் மேசையைக் காலி பண்ணணும். அதுக்குள்ள அவர் வரலைன்னா பழையபடிதான் எழுதுவேன். நான் கெட்டவ இல்லம்மா. எனக்கு வேற வழி இல்ல."

தாளை மற்ற தாள்களோடு சேர்க்காமல் தனியாக, மைக்கூட்டுக்கு அடியில் வைத்தாள்.

பிறப்புச் சான்றில் லாத்வியர் என்று வந்த கதை அந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். செல்மா பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பு, லாத்வியர்களின் புது நாட்டுக்குப் புதுப் பாஸ்போர்ட் எழுதிக்கொண்டு ஒருவர் ஊர் ஊராக வந்தார். வைதே கிராமத்தில் அவளுடைய அப்பா மார்ட் படகில் சாய்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். நீ என்ன இனம் என்று வந்தவர் கேட்டார். ராண்டலி என்றார் மார்ட். கரைக்காரன். அவருக்குத் தெரிந்த எல்லோரும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். காட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உள்நாட்டுக்காரர்கள், இந்தப் பக்கம் கரைக்காரர்கள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. தனி மொழி பேசிய இந்தக் கரைக்காரர்களை லீவ்லி என்றது, கடல் தாண்டி நோட்டுப் புத்தகத்தோடு வந்து சட்டமாக உட்கார்ந்து கேள்வி கேட்ட படிப்பாளிகள்தான். கரை என்று ஓர் இனம் கிடையாது என்று வந்தவர் சொன்னார். சொல்லிவிட்டு, லாத்வியர் என்று எழுதினார். மார்ட் தலை நிமிரவில்லை. வலையில் இன்னும் ஒன்பது கிழிசல் பாக்கி இருந்தது.

மூன்று வருடம் கழித்து, நவம்பர் காற்றில், மாஸிர்பே கிராமத்தில், புதிதாகத் தொடங்கிய லீவ்லி சங்கத்தின் கொடியை ஏற்றினார்கள். பச்சை, வெள்ளை, நீலம். படகிலிருந்து கரையைப் பார்க்கிறவனுக்குத் தெரிகிற காடு, மணல், கடல். கம்பத்தைச் சாயாமல் பிடித்திருந்த நான்கு பேரில் மார்ட்டும் ஒருவர். அன்று சங்கப் புத்தகத்தில் லீவ்லி என்ற சொல்லுக்கு எதிரே அவர் பெயர் எழுதவில்லை. வீட்டுக் குறியைப் போட்டார். நிமிர்ந்த ஒரு கோடு, அதன் குறுக்கே சாய்வாக இரண்டு வெட்டு. படகிலும் துடுப்பிலும் வலை மிதவையிலும் அந்த வீட்டுக்கு இருந்த குறி. அந்தப் புத்தகம் போரில் போய்விட்டது. அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிய செல்மாவின் பிறப்புச் சான்று போகவில்லை.

போர் முடிந்த மறுவருடம் செல்மாவுக்கு முதல் பாஸ்போர்ட் எழுதியபோது அவளுக்கு இருபத்தொன்று. எழுதியவன் எதுவும் கேட்கவில்லை. சான்றைப் பார்த்து அப்படியே படியெடுத்தான். அவள் வாயைத் திறந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். மூடிக்கொண்டாள்.

*

புதன்கிழமை மதியம் அண்ணன் டிட்ரிக் கரையில் இருந்தான். படகு வந்து, மீன் இறக்கி, வலை கழுவியாகிவிட்டது. மிச்ச நேரத்தில் ஒரு மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கடல் ஒதுக்கிய பைன் மரம். ஆள் நீளத்துக்கு மூன்று மடங்கு. உருளைக் கட்டைகளைக் கொடுத்துத் தள்ளி, அலை ஏறாத உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தான். மரத்தின் அறுத்த முனை எல்லைக் காவலர்களின் மணலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் டிராக்டரில் இரும்புப் பல் சட்டத்தைக் கட்டி இழுத்து, கோல்கா முனையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் மணலைச் சீவிவிடுவார்கள். விடிந்ததும், ராத்திரியில் யாராவது கடல் வழியாக வந்தோ தப்பியோ போன காலடி அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெளிச்சம் இருக்கும்வரைதான் ஊர்க்காரர்கள் கரைக்கு வரலாம்.

"வா" என்றான். "இந்தப் பக்கம் உக்காரு. அங்க ஈரம்."

"ஹில்டா சொல்லிட்டாளா?"

"அவ சொல்லாம இந்த ஊர்ல எது நடக்கும்? ரேடியோவாவது நடுவுல பாட்டுப் போடும். அவ அதுவும் போட மாட்டா."

"வருவியா?"

"மாட்டேன்."

மரத்தின்மேல் உட்கார்ந்தான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது அவனுடைய பழக்கம். கடலுக்குப் போவதற்கான அனுமதி அட்டை அங்கே மெழுகுத்துணியில் சுற்றி இருந்தது. பத்து வருடம் அங்கேயே இருந்து, சட்டைத்துணியில் அதன் நான்கு மூலையும் வெளுத்துத் தெரிந்தது.

"தினம் விடியல்ல படகுத்துறையில அந்தச் சிப்பாய் என் மூஞ்சியைப் பாக்குறான், அட்டையைப் பாக்குறான், மறுபடி மூஞ்சியைப் பாக்குறான். இவனுக்கு ஏன் திடீர்னு இனம் பத்தி எழுதணும்னு தோணிச்சுன்னு ஒருத்தன் கேட்டா போதும். பென்ஷனுக்கு எனக்கு இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கு. இப்ப ஹெர்ரிங் மீன் வந்து ரெண்டு வாரம்கூட ஆகல. என்னைக் கரையில உக்கார வச்சிட்டா என்ன பண்ணுவேன்? உன்னோட சேந்து முட்டைக்கோஸ் நடவா?"

"அது மட்டும்தானா?"

டிட்ரிக் பக்கத்தில் கிடந்த கோடாலியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அது மட்டும் இல்ல. அந்தப் பேரே நம்மளது இல்லடி. அம்மா என்னைக்காவது அப்படிச் சொல்லிருக்காளா? கரைக்காரங்கன்னுதான் சொன்னா. லீவ்லின்னு சொன்னவன் எல்லாம் தொப்பி போட்டுக்கிட்டு வந்து, நம்ம வீட்டு மீனைத் தின்னுட்டு, எழுதிக்கிட்டுப் போனவன். எவனோ வச்ச பேருக்கு நான் அட்டையைக் கொடுக்கணுமா?"

 அவன் சொன்னது உண்மை. அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் தொப்பிக்காரர்களில் ஒருவருக்குச் சின்ன வயதில் செல்மாவே மீன் முள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் குனிந்து மரத்தைப் பார்த்தாள். அறுத்த முனையில் சிவப்புச் சாயத்தில் ஏதோ எழுத்து இருந்தது, ஓர் எண்ணும் இருந்தது. எந்த நாட்டு மரக்கடையின் முத்திரையோ. அதற்குப் பக்கத்தில் கோடாலியால் வெட்டிய புதுக்காயம், இன்னும் மஞ்சளாக. நிமிர்ந்த ஒரு கோடு, குறுக்கே சாய்வாக இரண்டு.

"இதை எப்ப வெட்டின?"

"காலையில."

"இப்பல்லாம் யாரு குறி பாக்குறா?"

"யாரும் பாக்கறதில்ல. கை வெட்டிருச்சு."

"எங்கேர்ந்து வந்த மரம்?"

"யாருக்குத் தெரியும். ஸ்வீடனா இருக்கும். முந்தாநாள் காத்துல வந்திருக்கு."

"அவங்க முத்திரை அப்படியே இருக்கே. செதுக்கி எடுக்கலையா?"

டிட்ரிக் சிரித்துவிட்டான். "செதுக்குவாங்களா? அப்பா இருந்தா கையை ஒடிச்சிருப்பார். அவன் முத்திரை பாட்டுக்கு இருக்கும். மரம் யாரு வெட்டினா, யாரு வித்தா, அதெல்லாம் கேக்கக் கூடாது. நாம இழுத்தோம், அலை ஏறாத இடத்துல போட்டோம், பக்கத்துல நம்ம குறியைப் போட்டோம். அதுக்கப்புறம் அது..."

அவன் நிறுத்தினான். கோடாலியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

செல்மா எழுந்து பாவாடையிலிருந்த மணலைத் தட்டினாள். "கேரட் வச்சு அப்பம் சுட்டிருக்கேன். சூடு ஆறுறதுக்குள்ள வா."

இருபதடி போயிருப்பாள். பின்னாலிருந்து கத்தினான்.

"நீ ரொம்பப் புத்திசாலின்னு நெனச்சுக்காத!"

"நான் ஒண்ணுமே சொல்லலையே, அண்ணே!"

அப்பம் சாப்பிட அவன் வரவில்லை.

*

வியாழக்கிழமை ஒரு மணியிலிருந்து செல்மா கிராம சபையில் உட்கார்ந்திருந்தாள். வரிசை இல்லை. ரஸ்மா தாள்களை அடுக்கி நாடாவால் கட்டிக்கொண்டிருந்தாள். ஹில்டா குடையைத் தேடி வந்ததாகச் சொன்னாள். மூன்று நாளாக மழை இல்லை. குடையைத் தேடாமல் ஜன்னலோரம் நின்றாள்.

இரண்டே முக்காலுக்கு ரஸ்மா மைக்கூட்டை நகர்த்தி, அடியிலிருந்த தாளை எடுத்தாள். செல்மாவைப் பார்த்தாள். செல்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

வாசலில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. டிட்ரிக் துறையிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டைக் கைநுனியில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

ரஸ்மா அவனுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினாள். பிரித்தாள். பிரித்தபடியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுலயும் லாத்வியர்னுதான் இருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தான் எழுதினாங்க."

"நான் செவ்வாக்கிழமையே இதை யோசிச்சிருக்கணும். மன்னிச்சிடுங்க. ஒரு லாத்வியர் வந்து என் தங்கச்சி லீவ்லின்னு எழுதிக் கொடுத்தா டால்ஸியில சிரிப்பாங்க. சிரிச்சிட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. முதல்ல உங்க கட்டம் மாறணும்." அவள் தும்மினாள். "உங்க கட்டம் மாறினா கடல் அட்டையும் மாறணும். புதுசு வர்ற வரைக்கும் பழையதை நான் வாங்கி வைக்கணும்."

"எத்தனை நாளாகும்?"

"தெரியாது. ஒரு மாசம் ஆகலாம். கோடை முடியலாம். வரும்னு என்னால சொல்ல முடியாது."

செல்மா எழுந்தாள். அவன் கரையில் பயந்தது இப்படி நிஜமாகும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு கையெழுத்து, ஒரு முறைப்பு, அதிகாரியின் ஒரு கேள்வி. அவ்வளவுதான் அவள் அவனிடம் கேட்டது. இப்போது மேசைமேல் இருந்தது அவனுடைய கடல்.

"வேணாம், அண்ணே" என்றாள். "பழையபடியே எழுதிக்கட்டும். நெசமாத்தான் சொல்றேன். நீ காலையில கடலுக்குப் போ."

டிட்ரிக் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒரு தாள் கொடுங்க, தோழர்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். துடுப்பைப் பிடிக்கிற மாதிரி பேனாவைப் பிடித்தான். பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூச்சு வாங்கிக்கொண்டான். ஐந்தாவதில் நிறுத்தாமல் எழுதினான். பிறகு தங்கைக்கான தாளையும் எழுதினான். இரண்டிலும் கையெழுத்துப் போட்டான். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நிமிர்ந்த கோடு இழுத்து, குறுக்கே சாய்வாக இரண்டு வெட்டினான். மை ஈரமாகப் பளபளத்தது.

"இது என்ன?"

"எங்க வீடு."

"தாள்ல கையெழுத்து மட்டும்தான் இருக்கணும்."

"கையெழுத்து என்னுது. இது எங்க அப்பாவுது. அன்னைக்கு அவருக்கு வலையில வேலை இருந்தது, சரியா பதில் சொல்லல. இப்ப சொல்றார்."

ரஸ்மா அந்தக் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மையொற்றும் தாளை எடுத்து அதன்மேல் மெதுவாக, கலைந்துவிடாமல், அழுத்தினாள்.

டிட்ரிக் சட்டைப்பைக்குள் கைவிட்டான். மெழுகுத்துணியை அவிழ்த்து அட்டையை மேசைமேல் வைத்தான். துணியை மட்டும் மடித்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜன்னலோரம் ஹில்டா கனைத்தாள். "எங்க அம்மா வழியில நான் பாதி. பாதின்னு எழுத இடம் இருக்கா?"

"பாதிக்கெல்லாம் கட்டம் கிடையாது."

"அப்ப வலையில வந்தவன்னே எழுதிக்கோங்க" என்றாள் ஹில்டா. ஆனால் அவள் சிரிக்கவில்லை. செல்மாவும் சிரிக்கவில்லை. அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள், மேடையில் நிற்பதுபோல்.

*

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்ததும், ஆலைக்குப் போகும் வழியில், செல்மா கரைக்கு வந்தாள். எதிர்பார்த்ததுபோல் டிட்ரிக் அங்கே இருந்தான். கையில் கோடாலி இல்லை. எதுவும் இல்லை. மேட்டில் புல்லோரம் நின்று படகுகள் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பார்க்கவில்லை. காதாலேயே எண்ணினான்.

"மூணாவது நம்மளுது" என்றான். "எஞ்சினுக்கு எண்ணெய் போடல. எஞ்சின்காரன் சொன்னா கேக்க மாட்டான்."

"சாப்பிட்டியா?"

"ம்."

அவன் கை சட்டைப்பைக்குப் போனது. பாதியில் நின்று இறங்கியது.

"டால்ஸியிலேர்ந்து எப்ப தெரியும்?"

"தெரியாதுன்னாங்க."

"சரி" என்றான். "அதுவரைக்கும் நாம எழுதினதுதான்."

செல்மா அவன் பக்கத்தில் நின்றாள். நேரமாகிவிட்டது, ஹில்டா இந்நேரம் இரண்டு அடுப்பையும் மூட்டியிருப்பாள். போக மனமில்லை. எல்லைக் காவல் கோபுரத்தில் தொலைநோக்கிக் கண்ணாடி ஒருமுறை மின்னியது. அவர்களைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

"அங்க பாரு" என்றான் டிட்ரிக்.

முந்தின நாள் சாயங்காலம் சீவிய மணலில் இன்னும் யார் காலும் படவில்லை. இரும்புப் பல்லின் கோடுகள் கோல்கா முனையிலிருந்து, ஒன்றுக்கொன்று ஒட்டாமல், கயிறு பிடித்ததுபோல் நேராக வந்தன. மரத்தை நெருங்கியதும் எல்லாம் ஒன்றுசேர்ந்து வளைந்தன. சிவப்பு முத்திரையும் மஞ்சள் வெட்டும் இருந்த முனையைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போய், மறுபடி நேராகி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை போயின.